படியில் தண்ணீர் ஊற்றியது யார்

சீரியல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. முருங்கைக்கீரையையும் பழைய பேப்பரையும் எடுத்துக்கொண்டு டிவிக்கு எதிரே தரையில் உட்காருவதற்குள் பாதிப் பாட்டு போய்விட்டது, போனால் போகட்டும், அதைக் கேட்காததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முன்பெல்லாம் அப்படியா இருந்தேன். முதல் வீணைச் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவேன், ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்து அப்பளம் கரியாகிவிட்டது, என் வீட்டுக்காரர் அதைத் தட்டிலிருந்து தூக்கிப் பிடித்து இதுதான் இன்றைக்குக் கிடைத்த தடயமா என்று கேட்டார். அந்த நாளில் எங்கள் சந்து முழுக்க இதே பாட்டுத்தான். எதிர்வீட்டில் கேபிள், கீழ்வீட்டில் டிஷ், அதனால் ஒரு வீட்டில் கொஞ்சம் முந்தி வரும், ஒரு வீட்டில் கொஞ்சம் பிந்தி வரும், ஒரே பாட்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி இருக்கும், பயமாகவும் இருக்கும், நன்றாகவும் இருக்கும். இப்போது எங்கள் வீட்டில் மட்டும்தான் கேட்கிறது. கீழ்வீட்டுச் சற்குணம் அக்கா சின்னப் பிள்ளைகள் பாட்டுப் போட்டிக்கு மாறிவிட்டார்கள். இன்னுமா அதைப் பார்க்கிறாய் அம்சவேணி, யார் கொன்றது என்று அவன்களுக்கே மறந்துபோய்விட்டதே என்று காலையில் குழாயடியில் சொன்னார்கள். நான் சிரித்து வைத்தேன். கைவேலையாக இருக்கும்போது எதிரே ஏதாவது ஓட வேண்டாமா அக்கா, சும்மா பார்க்கிறேன் என்றேன். சும்மா ஒன்றும் பார்க்கவில்லை. இது முடிந்ததும் யமுனா ஓசூரிலிருந்து கூப்பிடுவாள். எனக்கு இருப்பது ஒரே மகள், அவளோடு பேச எனக்கு இருப்பது இந்த ஒரு கதை.

ஈரப் படிக்கட்டு என்று பெயர். ஆரம்பித்தபோது யமுனாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, நானும் அவளும் இதே இடத்தில் ஒரே தலையணையில் சாய்ந்துகொண்டு பார்த்தோம். பெரிய பங்களா, அதில் மருமகள் சாருமதி. ஒருநாள் விடிந்து பார்த்தால் அவளைக் காணவில்லை. யாரும் புழங்காத பின்பக்கத்துப் படிக்கட்டு, தூசி மண்டிக் கிடக்கும், அது மேலிருந்து கீழ்வரை ஈரமாக இருக்கிறது, மழையும் இல்லை ஒன்றும் இல்லை. நடுப்படியில் உடைந்த வளையல். கடைசிப் படியில் ஒற்றைச் செருப்பு. கொஞ்ச நாள் கழித்து ஆற்றில் ஒரு உடம்பு ஒதுங்கியது, முகம் தெரியவில்லை, புடவையை வைத்து அவள்தான் என்று சொல்லி எரித்துவிட்டார்கள், கூடத்தில் படத்துக்கு மாலை போட்டார்கள். அவ்வளவுதான் கதை. அவ்வளவுதான் என்றாலும் என்ன மாதிரி எடுத்திருந்தான் அப்போது. அந்த ஈரப் படியை மட்டும் காட்டுவான், ஒரு சொட்டு ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு விழும், பேச்சே இருக்காது, யமுனா என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். யார் கொன்றது, யார் தண்ணீர் ஊற்றியது. நான் தினமும் எங்கள் மாடிப்படியைத் துடைக்கிறவள், வாளியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே வரும்போது அந்த நினைப்பு வந்துவிடும். ரத்தத்தைக் கழுவ ஊற்றினார்களா, ரத்தம் இருந்ததாக யாருமே சொல்லவில்லையே. வழுக்கி விழட்டும் என்று ஊற்றினார்களா, தண்ணீரைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நின்று பார்த்துத்தானே கால் வைப்பார்கள். அப்படியே துணியைப் பிழியாமல் நின்றுவிடுவேன். இப்போது அந்தப் படியைக் காட்டுவதே இல்லை. மாமியார்தான் கொலைகாரி என்று ஒரு ஆடி மாதம் முழுக்கப் போனது, பிறகு டிரைவர் என்றார்கள், ஓரகத்தி நந்தினி என்றார்கள், குடும்ப டாக்டர் என்றார்கள், சாருமதி மாதிரியே இன்னொருத்தி வந்து இரட்டைப் பிறவி என்று அழுதாள், அவள் எந்தப் பக்கம் போனாள் என்று இன்றுவரை தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் ருத்ரமூர்த்தியாக நடித்தவர் நின்றுவிட்டார், ஒல்லியான மனிதர், ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூக்கைத் தடவிக்கொண்டு காத்திருப்பார், எதிரே இருப்பவனுக்கு வியர்த்துவிடும், அவருக்குப் பதிலாக ஒரு பருமனான ஆளைப் போட்டு ஒரு நாள் படத்தை நிறுத்தி இவருக்குப் பதில் இவர் என்று எழுத்துப் போட்டார்கள், அத்தோடு சரி. இவருக்குப் பதில் இவர். எத்தனை சுலபம். மற்றவர்கள் எல்லாரும் அதே மாதிரி அவரிடம் பேசுகிறார்கள், பயப்படுகிறார்கள், ஒருத்தருக்கும் ஆள் மாறினது தெரியவில்லை.

பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், இந்தக் கீரைக்கட்டில் மஞ்சள் இலை அதிகம். நாளைக்குத்தான் சமைக்கப்போகிறேன், கீரையை இருட்டினபின் சாப்பிடக்கூடாது, ஆய்ந்து வைத்துவிட்டால் காலையில் அவசரம் இருக்காது. என்ன அவசரம். சமைத்துப் போட இருப்பது இவர் ஒருத்தர்தான், அவரும் டிப்போவிலிருந்து ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிறார், காலையிலும் அவசரம் இல்லை, மத்தியானத்திலும் இல்லை. ஆனாலும் எனக்கு ஏதாவது பறந்துகொண்டே இருக்கும். என் குணம் அது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மறுநாள்கூட, வேண்டாம் என்றாகிவிட்ட பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடுமே என்று விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். யமுனா விஷயத்திலும் அப்படித்தான். கல்யாணமாகி ஓசூர் போன நாளிலிருந்து ஃபோன் செய்தால் முதல் கேள்வி தலைக்குக் குளித்தாயா. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், குளித்தேன் என்றால் இந்த மாதமும் இல்லை, இன்னும் இல்லை என்றால் பொறு, பார்ப்போம். ஒரு தடவை இன்னும் இல்லை என்றாள். ஒரு வாரம் கழித்தும் இன்னும் இல்லை என்றாள். நான் கோயிலுக்குப் போனேன். மூன்றாம் மாதம் கரு நிற்கவில்லை. போய்ப் பதினைந்து நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டேன், கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், நான் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன், வலிக்கிறதா, கஞ்சி தரட்டுமா, மாப்பிள்ளை என்ன சொன்னார், உன் மாமியார் முகம் ஏன் அப்படி இருக்கிறது. மறுவருஷம் இன்னொரு தடவை, அதுவும் அப்படியே. அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டிருக்க வேண்டும். நாக்கு கேட்கவில்லை. வேறு எதையாவது கேட்கத்தான் வாயைத் திறப்பேன், மழையா அங்கே என்று, அது பாதியில் திரும்பிக் குளித்தாயா என்று வந்து நிற்கும். ஒருநாள் அவள் கோபப்படாமல் சொன்னாள். "அம்மா, உன் பேர் ஃபோன்ல வந்தாலே எனக்கு வயித்தக் கலக்குதும்மா." அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவாள், அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்று இவர் கேட்பார், வேலை இருக்கிறதுப்பா என்பாள், ஸ்பீக்கரில் எனக்குக் கேட்கும். தீபாவளி அப்படிப் போனது. கார்த்திகை அப்படிப் போனது. பிறகு ஒருநாள் கதை முடிந்து நாளைக்கு என்று காட்டிக்கொண்டிருக்கும்போது என் ஃபோன் அடித்தது, யமுனா. எடுத்ததும், எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை. "அம்மா, அந்தப் படியில யாரும்மா தண்ணி ஊத்தியிருப்பா?" நான் அடுப்படியில் நின்றபடியே ஓரகத்தி மேலேதான் சந்தேகம் என்று சொன்னேன், ஏன் என்று கேட்டாள், சொன்னேன், சிரித்தாள். அன்றிலிருந்து ஞாயிறு தவிரத் தினமும். கதை மட்டும்தான். வேறு எதையும் நான் கேட்பதில்லை. அப்படி ஒரு ஒப்பந்தம் இருவருமே வாய் திறந்து போட்டதில்லை.

கேட்பதில்லைதான், ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்த ஒல்லி இன்ஸ்பெக்டர் மாதிரி. குரல் கம்மியிருக்கிறதா, மூக்கு அடைத்திருக்கிறதா, அழுததா சளியா, ஓசூர்க் குளிருக்கு மூக்கு அடைக்கத்தானே செய்யும். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம் வந்தால் அடுப்படியில் இருக்கிறாள், காற்றுச் சத்தம் வந்தால் மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் வந்து நிற்கிறாள், மாடியில் நின்று பேசுகிற நாளில் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். கீழ்ப்பல் வலி என்றாள் ஒருநாள், அன்று முழுக்கத் தூக்கம் இல்லை எனக்கு, பல் வலி என்றால் பல் வலிதானா. ஐயோ, பாட்டு முடிந்து என்னவோ காட்டுகிறானே. இது என்ன, பங்களா முழுக்க வாழைமரம். கூடத்தில் கோலம். சாருமதி படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, அதில் பட்டுப்புடவை மூடி, பக்கத்தில் தாம்பாளம். தாம்பாளத்தில் மலை மாதிரிக் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். நந்தினிக்கு வளைகாப்பு.

என் கை காம்பிலேயே நின்றுவிட்டது. வளைகாப்பா. கொலைக் கதையில் வளைகாப்புக்கு என்ன வேலை. அவள் பிள்ளை உண்டாகி இருக்கிறாள் என்று எப்போது சொன்னான், சென்ற வாரமா, அன்றைக்கு நான் தூங்கிவிட்டேனா. இல்லை, இவன்களுக்கு ஆள் பார்ப்பது குறைந்துவிட்டது, அதனால் கொலையை விட்டுவிட்டுச் சடங்கு காட்டுகிறான், புடவை காட்டுகிறான், சாப்பாடு காட்டுகிறான், இது எனக்குத் தெரியும், எல்லாக் கதையும் கடைசியில் கல்யாண வீட்டுக்குள்தான் போய் நிற்கும். அது போகட்டும். யமுனா பார்த்துக்கொண்டிருப்பாளே. அதே நேரத்தில் அங்கேயும் அதே தாம்பாளம். அவள் தனியாக உட்கார்ந்து பார்க்கிறாளோ, மாமியாரும் பக்கத்தில் இருக்கிறாரோ, மாப்பிள்ளை வந்துவிட்டாரோ. தனியாக இருந்தால் அணைத்துவிடலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் அணைக்க முடியாது, அணைத்தால் ஏன் அணைத்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அந்தக் கேட்காததுதான் கொடுமை. ஒவ்வொரு வளையலாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு பெண்ணாக வருகிறாள், சந்தனம் பூசுகிறாள், வளையல் போடுகிறாள், முகத்தைக் காட்டுகிறான், அடுத்த முகம், அடுத்த முகம், ஒரு வளையல் கைக்குள் போய் விழுகிற சத்தத்தை மூன்று தடவை கேட்க வைக்கிறான். நிறுத்துடா பாவி. சின்னக்கடை வீதியில் ஒரு வளையல் கடை இருக்கிறது, யமுனாவுக்கு முதல் தடவை தள்ளிப்போனபோது அந்த வழியாக வந்தேன், வாங்கவில்லை, நின்று பார்த்தேன், அவ்வளவுதான், ஓரத்தில் பொன்வரி ஓடிய பச்சை, அது அவள் கை நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியக்கூடத் தெரியாது.

விளம்பரம் வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு, ஒரு பெண் பளபளவென்று தட்டைக் காட்டி அதில் தன் முகத்தைப் பார்க்கிறாள். இவர் நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்திருக்கிறார், காலையில் படித்த பேப்பர், கதை ஓடும்போது மட்டும் அதை மறுபடியும் படிப்பார். கதை பார்க்கமாட்டார், பார்க்கவில்லை என்றுதான் இந்த ஐந்தாறு வருஷமாகச் சொல்கிறார், ஆனால் டிரைவர் பெயர் தெரியும், டாக்டருக்கு எந்த ஊர் என்று தெரியும். "கொலகாரனைப் புடிக்கப் போன போலீசு பந்தியில உக்காந்துருச்சு போல" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. எப்போதும் ஏதாவது திருப்பிச் சொல்லுவேன், இன்றைக்கு வரவில்லை. அவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தது தெரிந்தது. பிறகு டிவியைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பேப்பர். அவருக்கும் புரிந்திருக்கும். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, நான் ஆரம்பித்தால் அவர் எழுந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வருவார், தொட்டி நிரம்பி வழிந்தாலும் சரி. சேனலை மாற்றட்டுமா என்று ரிமோட்டைப் பார்த்தேன், இங்கே மாற்றினால் அங்கே மாறவா போகிறது. கூப்பிட்டுவிடலாமா. இப்போதே கூப்பிட்டு, யமுனா, டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போ, துணி எடு என்று சொல்லலாமா. சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் எதை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிடும், அம்மா இன்னும் அதையேதான் நினைக்கிறாள் என்று. அந்தப் பேர் வந்தாலே வயிற்றைக் கலக்கும். ஃபோன் அடிப்பது நிற்கும். தீபாவளி அப்படிப் போகும், கார்த்திகை அப்படிப் போகும். வேண்டாம். கூப்பிடாமல் இருந்தால், அவள் கூப்பிடுவாளே, பார்த்தாயாம்மா என்பாளே. அப்போது என்ன சொல்லுவேன். வளையல் நன்றாக இருந்தது என்றா. ஆமாம் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வளைகாப்பைச் சொல்லாமல் விட்டால் அதுவும் சொன்ன மாதிரிதான். கூப்பிடாமலே இருந்துவிட்டால் அதைவிட மோசம், அப்படியென்றால் அழுதுகொண்டிருக்கிறாள். கதையையே நிறுத்தப்போகிறார்கள் என்று சற்குணம் அக்கா சொன்னார்கள், யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும்தான் சொல்கிறார்கள் என்றார்கள். நிறுத்தினால் வேறு கதை பிடிக்க வேண்டும் எங்களுக்கு. இதற்குப் பதில் இது என்று எழுத்துப் போட்டுவிட முடியுமா.

மறுபடியும் கூடம், மறுபடியும் வளையல். பாட்டும் சேர்ந்துகொண்டது, நலங்குப் பாட்டு, வாத்தியம் இல்லாமல் பெண்கள் மட்டும் பாடுகிறார்கள், அதுமட்டும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் வருகிறது. கண்ணைத் திரையிலிருந்து எடுத்துக் கீரையில் வைத்துக்கொண்டேன். ஒரு காம்பு, நுனியைப் பிடித்து அடிவரை இரண்டு விரலால் உருவினால் இலை மழை மாதிரி விழும், ஒரு காம்பு, ஒரு காம்பு, பேப்பரில் யார் முகமோ இலைக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக மறைகிறது, முதலில் மீசை, பிறகு வாய், கண் மட்டும் இன்னும் தெரிகிறது. மேலே மின்விசிறி. வளையல் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது, மழைக்கு முன்னால் எங்கேயோ தகரம் அதிர்கிற மாதிரி. சாருமதியின் படம் நினைவில் வந்தது, மாலைக்குள் சிரித்துக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் தன் எதிரிலேயே நடக்கிற வளைகாப்பைப் பார்த்துக்கொண்டு. அவளுக்குப் பிள்ளை இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னான். அதை நான் மறந்தே போய்விட்டேன். மாமியார் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இத்தனை பேருக்கு நடுவே அதைக் கேட்டாளே, அன்று ராத்திரிதானே அவள் காணாமல் போனாள், இதை ஏன் எந்த இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை, ஒல்லியும் கேட்கவில்லை, பருமனும் கேட்கவில்லை. நானும் யமுனாவும் கேட்கவில்லை. படிக்கட்டு தெரிகிறது. மேல்படியில் ஒரு கால், வெறும் கால், தூசியில் பதிகிறது, அடுத்த படியில் அடுத்த கால், ஐந்து விரலும் தெளிவாக. சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே வளைந்திருக்கிறது. அது யமுனாவின் கால். சின்னதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்த விரல். அவள் வளையலைக் கழற்றுகிறாள், சத்தம் வரக்கூடாது என்று ஒவ்வொன்றாக, ஒன்று நழுவிப் படியில் விழுகிறது. நின்று கேட்கிறாள். யாரும் எழுந்திருக்கவில்லை. கீழே வந்து திரும்பிப் பார்த்தால் படி முழுக்கத் தன் கால், தான் எங்கே போனேன் என்று காட்டிக்கொடுக்கிற கால். வாளி இருக்கிறது. யமுனா, கனமாக இருக்கிறது அது, தூக்காதே என்கிறேன் நான், எனக்குக் குரல் வரவில்லை, அவள் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறாள், ஊற்றுகிறாள், தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறது, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக அழித்துக்கொண்டு.

ஃபோன்.

விழித்துப் பார்த்தால் இலையெல்லாம் மடியில் கொட்டிக் கிடந்தது. திரையில் யாரோ எண்ணெய்க் குளியல் சோப்பு விற்கிறார்கள், கதை முடிந்துவிட்டது, நாளைக்கு என்பதும் போய்விட்டது. இவர் பேப்பரை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்க்கிறார், எடு என்று சொல்லவில்லை. எடுத்தேன். ஸ்பீக்கர் பட்டன் எனக்கு எப்போதும் தானாக அழுந்திவிடும், அதுவும் அழுந்திவிட்டது. காற்றுச் சத்தம். மாடியில் நிற்கிறாள்.

"பாத்தியாம்மா?" என்றாள் யமுனா.

மூக்கு அடைத்திருந்தது. குளிரா. நீ பார்த்தாயா என்று கேட்டேன். ம், பார்த்தேன் என்றாள், தினம் சொல்கிற மாதிரியே. பார்த்துவிட்டாள். அத்தனை வளையலும் எனக்கும் அவளுக்கும் நடுவே அந்தத் தாம்பாளத்தில் இருக்கிறது, அடுத்த வார்த்தையை யார் பேசினாலும் அதில்தான் கை படும். என்ன பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. வாய் பேசிவிட்டது.

"சாருமதி வந்துட்டா பாத்தியா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றாள் யமுனா. "பாத்தேன்."

சாருமதியாவது வருவதாவது. அப்படியென்றால் யமுனா பார்க்கவில்லை. எத்தனை நாளாகப் பார்க்கவில்லை. பார்த்தாயாம்மா என்று அவள்தான் கேட்பாள், நீ என்ன நினைக்கிறாய், நீ சொல்லு என்பாள், நான் சொல்லுவேன், ஓ என்பாள், அடப்பாவி என்பாள், ஒருநாளாவது அவளாக ஒன்று சொன்னதுண்டா, எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அப்பாடா, வளையலைப் பார்க்கவில்லை. பார்க்காத கதைக்காகவா தினம் கூப்பிடுகிறாள். இல்லாவிட்டால், பார்த்திருக்கிறாள். எல்லா வளையலையும் பார்த்துவிட்டு, மாடிக்கு வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, நான் ஏன் இப்படிப் பொய் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டு, இருட்டில் ஒருத்தர் கை நீட்டினால் பிடித்துக்கொள்கிற மாதிரி ஆமாம்மா என்கிறாள். இரண்டில் எது. கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை, சுற்றிவளைத்து ஒரே ஒரு கேள்வி போதும், நந்தினி புடவை என்ன கலர் என்றால் தெரிந்துவிடும். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது.

நீ சொல்லும்மா, நடுவில் நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன் என்றாள். சொன்னேன். அவள் சாகவே இல்லை, ஆற்றில் வந்தது வேறு யாரோ, பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்றேன். அப்போ தண்ணீர் என்று கேட்டாள். அவளேதான் ஊற்றினாள் என்றேன், தூசியில் காலடி பதிந்துவிட்டது, எந்தப் பக்கம் போனாள் என்று தெரியக்கூடாது என்று. யமுனா மெதுவாக ஓ என்றாள். இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவில்லை பாரேன், தினம் படி துடைக்கிறேன் என்று நான் சொன்னதும் சிரிக்கிற மாதிரி ஒரு மூச்சு வந்தது. எங்கே போனாளாம் என்றாள். அம்மா வீட்டுக்கு. விடிவதற்கு முன்னால் போய்க் கதவைத் தட்டினாள், ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. எனக்கே நான் சொல்வது கண்ணில் தெரிந்தது, அந்தத் தெரு, அந்தக் கதவு, உள்ளே லைட் போடுகிற சத்தம்.

கொடியில் துணி படபடவென்று அடித்தது.

"அவங்க அம்மா என்னம்மா கேட்டாங்க?"

என்ன கேட்பாள். எல்லாம் கேட்பாள். ஏன் இந்த நேரத்தில், மாப்பிள்ளை எங்கே, சண்டையா, அடித்தாரா, மாமியார் என்ன சொன்னாள், கையில் வளையல் எங்கே, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, குளித்தாயா. மடியில் கிடந்த கீரையை ஒரு பிடி அள்ளி இறுக்கிக்கொண்டேன்.

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"சோறு போட்டா. முருங்கக்கீர இருந்துச்சு, வதக்கி வச்சா. பாய விரிச்சா. அவ்வளவுதான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சளியா, அழுகையா. எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அப்பா பார்த்தாரா என்று கேட்டாள், தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. நான் இவரைப் பார்த்தேன். ஐந்தாறு வருஷமாக இந்தக் கதையைப் பார்க்காத மனிதர். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் குனிந்து, ஃபோனுக்குக் காது கேட்காது என்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"நானும் பாத்தேன் பாப்பா. இன்னிக்கு நல்லாத்தான் எடுத்திருந்தான்."

சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார். கீழ்வீட்டிலிருந்து ஒரு குழந்தை சுருதி சேராமல் பாடுவது கேட்டது, பிறகு கைதட்டல்.

"இப்ப என்னம்மா பண்றா அவ?"

"தூங்குறா."

"தூங்கட்டும்மா" என்றாள் யமுனா. "எழுப்பிட வேணாம்."

"யாரும் எழுப்பல" என்றேன். அவள் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அங்கே காற்று, இங்கே மின்விசிறி. கண்ணை மூடினால் அந்தப் படிக்கட்டு தெரிந்தது, மேல்படி காய்ந்துவிட்டது, அதற்கு அடுத்ததும் காய்ந்துகொண்டிருந்தது, கீழே இன்னும் ஈரம் இருந்தது, காயட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.